மழலையும் களனும்

முன்னுரை

குழலையும் யாழையும் பின்னுக்கு நிறுத்தி மழலையை முன்னிறுத்தினார் திருவள்ளுவர். காப்பு முதல் சிறுதேர் ஈறாகப் பத்துப் பருவங்களை வகுத்து, குழந்தையைப் பாடுவதற்கெனப் பிள்ளைத்தமிழ் என்னும் தனியொரு சிற்றிலக்கிய வகையையே தமிழ் படைத்துக்கொண்டது. தெய்வங்கள் மீதும் மன்னர்கள் மீதும் பாடப்பெற்ற அவ்வகை நூல், நபிகள் நாயகம் அவர்கள் மீதும் இஸ்லாமியப் புலவர்களால் பாடப்பெற்றுள்ளது. ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். பிள்ளைத்தமிழில் பெரும்பாலும் பேசுவோர் பெரியோரே, குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. குழந்தை தானாக எவ்வாறு பேசுகிறது, யாரிடம் எப்படிப் பேசுகிறது, எங்கே பேசாமல் நின்றுவிடுகிறது என்னும் வினாக்களை நாம் குறைவாகவே எழுப்பியிருக்கிறோம்.

இவ்வினாக்கள் எனக்கு நூல்களிலிருந்து எழவில்லை. மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்தே எழுந்தன. சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்களோடு வசித்துவந்த என் தங்கையின் மகள் மூன்றரை வயதில் அருகிலுள்ள முன்பருவப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டாள். இரண்டு மாதங்கள் கழிந்தபின் ஆசிரியை என் தங்கையை அழைத்து, "குழந்தை வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். டாக்டரிடம் காட்டுங்கள். இப்படியே இருந்தால் அடுத்த வகுப்புக்கு அனுப்புவது கஷ்டம்" என்றார். அன்று மாலை தங்கை கண்ணீரோடு வந்து நின்றாள். அவள் கையைப் பற்றி வந்த குழந்தையோ, வழியில் கண்ட மாட்டைப் பற்றியும் அதன் கொம்பில் பூசியிருந்த வண்ணத்தைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரே நாளில், ஒரே தெருவின் இரு முனைகளில், ஒரே குழந்தை பேசாமடந்தையாகவும் வாயாடியாகவும் இருப்பது எவ்வாறு? இதனை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் காட்டும் வழி

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்குரிய உறுப்புகளாக முப்பத்து நான்கினைத் தொகுத்துரைக்கிறார். மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்னும் யாப்புறுப்புகளோடு அவர் நின்றுவிடவில்லை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் ஆகியவற்றையும் உறுப்புகளாகவே எண்ணுகிறார். சொல்பவர் யார், கேட்பவர் யார், நிகழுமிடம் எது, பொழுது எது, விளையும் பயன் யாது என்பன தெரியாமல் ஒரு பாடலின் பொருளை முற்ற உணர இயலாது. அகப்பாடல் ஒன்றைக் கையிலெடுக்கும் நம் மாணவர் முதலில் கேட்கும் வினாவே, "இது தோழி கூற்றா, தலைவி கூற்றா?" என்பதன்றோ?

அமெரிக்க அறிஞர் டெல் ஹைம்ஸ், அன்றாடப் பேச்சை ஆராய்வதற்கும் இத்தகைய கூறுகளையே வகுத்தார். பேச்சு நிகழும் சூழல், அதில் பங்குபெறுவோர், அவர்தம் நோக்கம், தொனி முதலியவற்றை ஒருங்கே நோக்கினாலன்றி ஒரு பேச்சை மதிப்பிடலாகாது என்பது அவர் நிலைப்பாடு. தொல்காப்பியர் கூறியது செய்யுளுக்கு. ஹைம்ஸ் கூறியது நடைமுறைப் பேச்சுக்கு. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. எனினும், சொல்லைக் களனிலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்னும் தெளிவு இருவரிடமும் உண்டு.

மேலும் ஒன்று. ஒரு பொருளை இரந்து கேட்குங்கால் ஈ, தா, கொடு என மூன்று சொற்கள் வழங்கும் என்றும், ஈ என்பது தாழ்ந்தோன் கூற்று, தா என்பது ஒத்தோன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என்றும் எச்சவியலில் தொல்காப்பியர் வரையறுக்கிறார். கேட்கப்படும் பொருள் ஒன்றே. கேட்போர்க்கும் கொடுப்போர்க்கும் உள்ள உறவு மாறச் சொல்லும் மாறுகிறது. இன்று அச்சொற்களின் மதிப்பு மாறிவிட்டது. ஆனால் உறவு நோக்கிச் சொல்லைத் தெரிந்தெடுக்கும் அந்நுட்பம் மாறவில்லை. அது நான்கு வயதுக் குழந்தையிடமும் உள்ளது என்பதே வியப்பிற்குரியது.

மேற்கு மாம்பலம் என்னும் பேச்சுக்களம்

மாம்பலம் ரயில் நிலையத்திற்குக் கிழக்கே ரங்கநாதன் தெருவும் தியாகராய நகரும். மேற்கே எங்கள் பகுதி. துரைசாமி சுரங்கப்பாதை இரண்டையும் இணைக்கிறது. மறைந்துபோன மாம்பலம் ஏரியின் நினைவை லேக் வியூ சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. ஆரிய கவுடா சாலையும் அதிலுள்ள அயோத்தியா மண்டபமும் இப்பகுதியின் அடையாளங்கள். அந்தணர் குடும்பங்கள் மிகுதியாக வாழும் பகுதி என்று ஊரார் கூறினும், தெருவில் காதைக் கொடுத்தால் பல தமிழ்கள் கேட்கும். எங்கள் மேல்வீட்டில் "வாங்கோ, உக்காருங்கோ" என்பர். வாசலில் பூ விற்கும் அம்மையார், "இன்னாம்மா, எத்தினி மொழம் வோணும்?" என்பார். எதிர்வீட்டில் தெலுங்கு, மூன்றாம் வீட்டில் உருது. எங்கள் இல்லத்திலோ கடற்கரையூர் முஸ்லிம்களின் தமிழ்: தந்தை வாப்பா, தாய் உம்மா, அக்காள் லாத்தா, அண்ணன் காக்கா, குழம்பு ஆணம்.

தமிழின் சாதிவழிக் கிளைமொழிகளை வில்லியம் பிரைட், ஏ.கே. ராமானுஜன் ஆகிய இருவரும் 1964இல் வெளிவந்த கட்டுரையொன்றில் ஆராய்ந்தனர். எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் தம்முள் விலகி நிற்கும் தமிழின் இரட்டை வழக்கு நிலையை மு. சண்முகம் பிள்ளை 1960இல் விளக்கினார். அறிஞர்கள் அட்டவணையிட்டு ஆராயும் இவ்வேற்றுமைகளின் நடுவேதான் மூன்று வயதுக் குழந்தை நாள்தோறும் நடமாடுகிறது. அதற்கு இலக்கணம் கற்பிப்பார் எவருமில்லை. எனினும் அது கற்றுக்கொள்கிறது.

இல்லக் களன்

இல்லமே குழந்தையின் முதற் களன். ஆங்குப் பேசப்படும் பொருள் கண்முன் இருக்கிறது. கேட்பவர்க்குக் குழந்தையின் முழு வரலாறும் தெரியும். "அது வேணாம், நேத்து மாதிரி தா" என்று குழந்தை சொன்னால், அது எது, நேற்று என்ன நடந்தது என்பதைத் தாய் அறிவாள். ஆதலின் இல்லத்துப் பேச்சு குறுகியதாகத் தோன்றினும் பொருளால் நிறைந்தது. அயலார் கேட்டால், குழந்தைக்குச் சொல்வளம் இல்லை என எண்ணக்கூடும். உண்மையில் சொல்ல வேண்டிய தேவை இல்லாமையால் சொல்லவில்லை என்பதே பொருந்தும்.

இல்லத்திலேயே கேட்போர் மாற நடை மாறுவதையும் காணலாம். எங்கள் வீட்டுச் சிறுமி தன் தாயிடம், "உம்மா, ஆணம் வேணாம், சோறு மட்டும் தா" என்பாள். தந்தையிடம் அதே வேண்டுகோள், "வாப்பா, சோறு தாங்க" என மரியாதை விகுதி பெறும். ஒன்றரை வயதுத் தம்பியிடம் திரும்பியதும் அவள் குரலே உயர்ந்துவிடும். சோறு மம்மம் ஆகும். பால் இங்கா ஆகும். வாக்கியம் இரண்டு சொல்லாகச் சுருங்கும். நான்கு வயதுக் குழந்தைகள் பெரியோரிடம் பேசுவதைவிட இரண்டு வயதுக் குழந்தைகளிடம் குறுகிய, எளிய வாக்கியங்களைப் பயன்படுத்துகின்றனர் என்பதை மெரிலின் ஷாட்ஸ், ராச்செல் கெல்மன் ஆகியோர் 1973இல் ஆய்வுவழிக் காட்டினர். தானே மழலை நீங்காத குழந்தை, தன்னினும் இளைய மழலைக்கேற்பத் தன் மொழியைத் தாழ்த்திக்கொள்கிறது!

தமிழ்க் குழந்தைகளின் இலக்கணத் திறனும் ஈண்டுக் கருதத்தக்கது. பரிமளா ராகவேந்திரா, லாரன்ஸ் லெனார்டு ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வயதையொட்டிய தமிழ்க் குழந்தைகள் சொல்லுறுப்புகளாகிய விகுதிகளை விரைவிலேயே கைவரப்பெறுவதைக் காட்டியது. 'போனேன்' என்பதும் 'போனாங்க' என்பதும் யார் யார்க்கு உரியன என்பது பள்ளிக்குச் செல்லுமுன்னரே குழந்தைக்குத் தெரியும். வெறுங்கையோடு எந்தக் குழந்தையும் வகுப்பறைக்குள் நுழைவதில்லை.

அண்டை வீடும் தெருவும்

மேல்வீட்டு மாமியிடம் எங்கள் சிறுமிக்குச் செல்வாக்கு மிகுதி. "மாமி, எனக்கு ரசஞ்சாதம் தாங்கோ" என்று அங்குக் கேட்பாள். கீழே இறங்கி வந்ததும் 'சாதம்' மறைந்து 'சோறு' வந்துவிடும்; 'தாங்கோ' மறைந்து 'தா' வந்துவிடும். மாடிப்படிகள் பதினைந்தே, அவற்றுக்கிடையே அவள் ஒரு கிளைமொழியைக் கடந்துவிடுகிறாள். பூக்கார அம்மையாரிடம், "எனக்கு ஒண்ணு குட்த்துட்டுப் போ" என்பாள். கேட்ட என் தாயார் நகைத்துவிட்டு, "இவ எத்தனை ஊட்டுப் புள்ள?" என்பார்கள்.

சில பெற்றோர் இதனைக் கண்டு அஞ்சுகின்றனர். 'பிள்ளை பேச்சைக் கெடுத்துக்கொள்கிறது' என்று தெருவிலிருந்து இழுத்துச் செல்கின்றனர். கெடுத்துக்கொள்வதாயின், எல்லா இடத்தும் ஒரே கலவையைப் பேச வேண்டும். குழந்தையோ மாமியிடம் பூக்காரம்மாவின் தமிழைப் பேசுவதில்லை. பூக்காரம்மாவிடம் மாமியின் தமிழைப் பேசுவதில்லை. தொடக்கத்தில் சிற்சில தடுமாற்றங்கள் நேரினும், எதனை எங்கே வைப்பது என்பதைக் குழந்தை விரைவில் அறிந்துகொள்கிறது. ஆதலின் இது மொழிக்கேடன்று, மொழித்தேர்ச்சி.

தொலைபேசியும் ஒரு களனே. ஊரிலிருக்கும் உறவினர், "சாப்டியா?" என்று கேட்டால் சிறு குழந்தை தலையை மட்டும் ஆட்டும். கேட்பவர் தன்னைக் காணவில்லை என்பதை உணர்ந்து சொல்லால் விடையளிக்கப் பழகுதல் பெரியதொரு படி. கண்முன் இல்லாதவர்க்குக் கண்முன் இல்லாததைச் சொல்லும் இத்திறனே பின்னர் எழுத்துக்கு அடிப்படையாகிறது. இன்று காணொளி அழைப்பில் தலையாட்டலும் விடையாகிவிடுகிறது. ஆதலின் இடையிடையே குரல் அழைப்பிலும் குழந்தையைப் பேசவிடுதல் நன்று.

ஓதுமிடமும் திரையும்

நான்கு வயதையொட்டி எங்கள் பிள்ளைகள் மக்தபுக்குச் செல்லத் தொடங்குவர். ஆங்கு மொழி ஓதுதலாக அமைகிறது. அலிஃப் முதலிய எழுத்துகளை அவற்றுக்குரிய பிறப்பிடம் பிறழாமல் ஒலித்தல், சிறு சூராக்களை மனனம் செய்தல் என்பனவே முதன்மை. வீட்டில் 'ழ'கரம் வாராத குழந்தை, அரபு மொழியின் தொண்டையொலிகளை முயன்று ஒலிப்பதைக் கேட்டு நான் வியந்ததுண்டு. மேல்வீட்டுச் சிறுவன் மாலை வேளையில் சுலோகம் சொல்வதும் இத்தகையதே. இரு குழந்தைகளுக்கும் ஓதும் குரல் வேறு, பேசும் குரல் வேறு என்பது தெரியும். ஓதி முடித்த மறுநொடியே, "உம்மா, பசிக்குது" என்னும் குரல் தானே மாறி வருகிறது.

மற்றொரு களன் திரை. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதியபோது, உயர்வழக்கு முறையான கல்வி வழியே கற்கப்படுவது என்றார். இன்று தமிழ்க் குழந்தைகள் அதன் ஒரு பகுதியைப் பள்ளிக்குமுன்னரே கேட்டுவிடுகின்றனர். 2007இல் சுட்டி டிவி தொடங்கியபின் தமிழில் குரல் மாற்றப்பட்ட கார்ட்டூன்கள் வீடுதோறும் நுழைந்தன. இப்போது கைப்பேசி அவ்விடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. "நண்பர்களே, நாம் தப்பித்துச் செல்லலாம் வாருங்கள்!" என்று கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டில் எவரும் பேசாத தமிழ் அது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. திரை பேசும், குழந்தை சொல்வதைக் கேட்டு விடையிறுக்காது. களனும் கூற்றும் இருந்தும் கேட்போர் இல்லை. ஆதலின் திரையால் சொற்கள் சேரலாம், உரையாடல் வளராது.

பள்ளிக் களன்

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். வீட்டில் ஆறுபோல் ஓடும் பேச்சு வகுப்பறையில் வற்றிவிடுவதேன்?

முதற் காரணம், வினாவின் இயல்பு. வீட்டில் வினாக்களைத் தொடுப்பது குழந்தை. பள்ளியில் வினாக்களைத் தொடுப்பவர் ஆசிரியர். அதுவும் தமக்கு விடை தெரிந்த வினாக்கள். "இது என்ன கலர்?" "இதுக்கு எத்தனை கால்?" ஆசிரியருக்குத் தெரிந்ததையே ஏன் தன்னிடம் கேட்கிறார் என்பது குழந்தைக்குப் புதிர். அமெரிக்காவின் கரோலினா பகுதியில் வாழ்ந்த சமூகங்களை ஆராய்ந்து 1983இல் நூல் வெளியிட்ட ஷெர்லி பிரைஸ் ஹீத், 'டிராக்டன்' எனத் தாம் பெயரிட்ட சிற்றூரில் பெரியோர் குழந்தைகளிடம் இவ்வாறு விடை தெரிந்த வினாக்களைக் கேட்பது அரிது என்றும், "இது எதைப்போல் இருக்கிறது?" என்னும் வகையிலேயே கேட்பர் என்றும் கண்டார். அக்குழந்தைகள் பள்ளியில் திகைத்து நின்றதற்கு அறிவின்மை காரணமன்று. வினாவின் மரபு புதிது என்பதே காரணம்.

இரண்டாம் காரணம், வாய்ப்பு. லண்டனில் பார்பரா டிசார்டு, மார்ட்டின் ஹியூஸ் ஆகியோர் நான்கு வயதையொட்டிய 30 சிறுமியரின் பேச்சை வீட்டிலும் மழலைப் பள்ளியிலும் பதிவு செய்து 1984இல் நூலாக வெளியிட்டனர். வீட்டில் தாயிடம் மணிக்குச் சராசரியாக 26 வினாக்கள் கேட்ட சிறுமியர், பள்ளியில் ஆசிரியரிடம் கேட்டவை மணிக்கு 2 மட்டுமே. உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த சிறுமியர் பள்ளியில் மேலும் ஒடுங்கிக் காணப்பட்டனர்; அவர்களையே வீட்டில் கேட்டபோது, ஆழமாக வினவும் ஆற்றல் உடையவர்களாக இருந்தனர். பள்ளியில் மட்டும் அவர்களைக் கண்டோர்க்கு அவ்வாற்றல் தெரிய வழியில்லை.

மூன்றாம் காரணம், சொல்லின் பொருள். எங்கள் வீட்டில் 'பள்ளி' என்றால் பள்ளிவாசல். கல்வி கற்குமிடம் 'ஸ்கூல்'. பழந்தமிழில் சமண முனிவர் உறையுளும் பள்ளி எனப்பட்டது. இன்று பொதுவழக்கில் கல்விக்கூடம். "பள்ளிக்கு யாரோட வந்தே?" என்று ஆசிரியை கேட்டபோது எங்கள் சிறுமி, "பள்ளிக்கு வாப்பாதான் போவாங்க" என்றாளாம். வினாவுக்குப் பொருந்தாத விடை எனக் கருதப்பட்டது. அவள் வீட்டுத் தமிழில் அதனினும் பொருத்தமான விடை வேறில்லை. வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் குழந்தைக்கு இத்தடை இன்னும் பெரிது. புதிய மொழிச் சூழலில் நுழையும் குழந்தைகள் சில காலம் சைகையாலும் பார்வையாலும் மட்டுமே பழகிப் பின்னரே பேசத் தொடங்குவதுண்டு என்பதைப் பாட்டன் டேபர்ஸ் 1997இல் எழுதிய நூல் விளக்குகிறது. அம்மௌனத்தில் கற்றல் நடைபெற்றுக்கொண்டே இருக்கிறது.

விளையாட்டு தந்த விடை

ஆசிரியை கூறியபடி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். செவியில் குறையில்லை, பேச்சிலும் குறையில்லை என்றார். பின்னர் ஏன் பேசவில்லை? அவளைக் கேட்டால் விடையில்லை. விடை ஒரு மாலைப்பொழுதில் தானே வந்தது.

அவள் திண்ணையில் பொம்மைகளை வரிசையாக அமரவைத்து 'டீச்சர் விளையாட்டு' ஆடிக்கொண்டிருந்தாள். கையில் அளவுகோல். குரல் அவளுடையதன்று, ஆசிரியையின் குரல். "ஆல் ஆஃப் யூ சைலன்ஸ்! இது யாரு, சொல்லு?" என்று ஒரு படத்தைக் காட்டினாள். பிறகு சிறு குரலில் பொம்மைக்காகத் தானே, "காக்கா" என்றாள். உடனே ஆசிரியையின் குரல்: "காக்காவா? காக்கா பறந்து போச்சு! அண்ணா சொல்லு, அண்ணா!" பிறகு, மற்றப் பொம்மைகளுக்காக அவளே சிரித்தாள்.

நான் அடுத்த அறையில் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. வகுப்பில் நடந்தது அப்போதுதான் விளங்கிற்று. படத்தில் இருந்தவன் மூத்த சிறுவன். எங்கள் வீட்டில் அவன் 'காக்கா'. வகுப்பில் அச்சொல்லுக்குப் பறவை என்பதே பொருள். ஆசிரியை இகழ்ந்திருக்க மாட்டார், விளையாட்டாகவே சொல்லியிருப்பார். ஆனால் வகுப்பு சிரித்தது. குழந்தை வாயை மூடிக்கொண்டது. தன் அண்ணனை அழைக்கும் சொல் சிரிப்பிற்குரியதாகும் இடத்தில், வேறு எந்தச் சொல் சிரிப்பிற்குரியதாகுமோ என்று அஞ்சியிருப்பாள் போலும்.

பேசத் தெரியாதவள் எனப்பட்ட அக்குழந்தை, ஆசிரியையின் ஆங்கிலக் கட்டளையையும் ஏற்ற இறக்கத்தையும், மாணவரின் தயங்கிய குரலையும், வகுப்பின் சிரிப்பையும் ஒருங்கே நடித்துக் காட்டினாள். எலெய்ன் ஆண்டர்சன் என்பார் 1990இல் வெளியிட்ட நூலில், கைப்பாவைகளைக் கொண்டு நான்கு வயது முதலான குழந்தைகளை மருத்துவராகவும் ஆசிரியராகவும் தாயாகவும் தந்தையாகவும் பேசவைத்து, அவ்வப்பாத்திரத்திற்குரிய நடையை அவர்கள் அறிந்திருப்பதைக் காட்டியுள்ளார். எங்கள் திண்ணையில் நான் கண்டது அதுவே. பள்ளிக் களனின் மொழியை அவள் நன்றாகக் கற்றிருந்தாள். அக்களனில் அதனைப் பேசும் துணிவைத்தான் இழந்திருந்தாள்.

மௌனமும் குறைபாடும்

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. 'களன் மாறினால் பேசிவிடும்' என்று எல்லாக் குழந்தைகளையும் விட்டுவிடுதலும் பிழை. வீடு, விளையாட்டு, உறவினர் இல்லம், பள்ளி என எல்லாக் களன்களிலும் பேச்சு குன்றியிருப்பின், அழைத்தால் திரும்பாதிருப்பின், இரண்டு வயது கடந்தும் இரு சொற்களை இணைத்துப் பேசாதிருப்பின், பேசிய சொற்களையும் இழந்துவரின் காலந்தாழ்த்தாது முதலில் செவித்திறனையும் பின்னர்ப் பேச்சுத்திறனையும் உரியவரிடம் சோதித்தல் வேண்டும். வீட்டில் இயல்பாகப் பேசும் குழந்தை, பள்ளி சேர்ந்த முதல் மாதம் கழிந்தும் அங்குத் தொடர்ந்து ஒரு சொல்லும் பேசாதிருப்பின், அது அச்சத்தின்பாற்பட்ட நிலையாகவும் இருக்கலாம். அதற்கும் மருத்துவ உதவி உண்டு. ஆகவே மருத்துவரை நாடச் சொன்ன ஆசிரியையை நான் குறைகூறேன். ஒரு களனில் கண்டதைக் கொண்டு, "இக்குழந்தைக்குப் பேச்சே இல்லை" என முடிவு கட்டியதையே பிழை என்கிறேன்.

மொழியியலறிஞர் வில்லியம் லபோவ் 1969இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுவனொருவன் நேர்காணலில் ஓரிரு சொற்களுக்குமேல் பேசவில்லை. மறுமுறை நேர்காண்பவர் வறுவல் பொட்டலத்தோடு வந்தார், சிறுவனின் தோழனையும் அழைத்துக்கொண்டார், தரையில் அமர்ந்தார். அதே சிறுவன் போட்டி போட்டுக்கொண்டு பேசினான். மாறியது சிறுவனின் அறிவன்று, களனும் கேட்போருமே.

நாம் செய்யத்தக்கவை

நம் துறை மாணவர் பலர் நாளை ஆசிரியராவர். இம்மலரைப் படிக்கும் பெரியோருள் பலர் பள்ளிகளை நடத்துவோர். அவர்கள் கருத்திற்குச் சில.

முதலாவது, கேட்டபின் அளத்தல். சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தெரிவு செய்யும் முறையை 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, புதிய இடத்தில் புதியவர் முன் ஐந்து நிமிடத்தில் குழந்தையின் மொழியை அளந்துவிடலாம் என்னும் எண்ணமே பொருந்தாதது. 1939இல் அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையில், கற்பித்தலுக்கு முன் குழந்தையை உற்று நோக்கலே ஆசிரியரின் முதற்கடமை.

இரண்டாவது, வீட்டுச் சொற்பட்டியல். குழந்தை சேரும்போதே உறவுமுறைகளுக்கும் உணவுக்கும் உடல் தேவைகளுக்கும் வீட்டில் வழங்கும் சொற்களைப் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஒரு தாளில் அடங்கும் இச்செய்தி பல கண்ணீரைத் தடுக்கும். 3 முதல் 8 வயது வரையிலான அடித்தள நிலைக்கென 2022இல் வெளியிடப்பட்ட தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் குழந்தையின் வீட்டுமொழிக்கே முதலிடம் தருகிறது.

மூன்றாவது, பல களன்களை வகுப்பிலேயே அமைத்தல். இருவர் இருவராக விளையாடும் மூலை, கடை விளையாட்டு, பொம்மை, கதை என்பவற்றில் ஆசிரியர் சற்று விலகி அமர்ந்து கேட்டால், கரும்பலகை முன் கேளாத பேச்சைக் கேட்கலாம்.

நான்காவது, பெற்றோர்க்கு. பள்ளியின் சொல்லைக் கற்பிக்கும் ஆர்வத்தில் வீட்டின் சொல்லை அழித்துவிடலாகாது. 'காக்கா என்று சொல்லாதே, அண்ணா என்று சொல்' என்று திருத்தத் தேவையில்லை. 'நம்ம வீட்டுல காக்கா, ஸ்கூல்ல அண்ணா' என்றால் போதும். இரண்டையும் தாங்கும் இடம் குழந்தையின் நெஞ்சில் உண்டு.

முடிவுரை

என் தங்கை மறுவாரம் அந்த ஆசிரியையிடம் சென்று 'காக்கா'வின் பொருளைச் சொன்னாள். அவர் திடுக்கிட்டு வருந்தினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த நாள் வகுப்பில், "உங்க வீட்டுல பெரிய பையனை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டாராம். அண்ணா என்றது ஒன்று. அண்ணன் என்றது ஒன்று. அன்னய்யா என்றது ஒன்று. பாயி என்றது ஒன்று. எங்கள் சிறுமியின் முறை வந்தபோது அவள் பேசவில்லை. ஆசிரியையே, "இவங்க வீட்டுல காக்கா" என்றார். எவரும் சிரிக்கவில்லை.

அன்றே அவள் பேசிவிட்டாள் என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும்; உண்மையாக இராது. மேலும் மூன்று வாரங்கள் ஆயின. முதலில் பக்கத்துச் சிறுமியிடம் முணுமுணுத்தாள்; பிறகு பாட்டில் சேர்ந்துகொண்டாள்; பிறகு ஒருநாள், "மிஸ், வாட்டர்" என்று கேட்டாளாம். வீட்டில் "தண்ணி தா" என்பவள், மேல்வீட்டில் "தீர்த்தம் தாங்கோ" என்பவள், அக்களனுக்குரிய சொல்லைத் தானே தெரிந்தெடுத்துக் கேட்டிருக்கிறாள்.

பாடல் புரியாதபோது கூற்றையும் கேட்போரையும் களனையும் தேடுமாறு நம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். குழந்தையின் பேச்சு புரியாதபோதும், பேசாமை புரியாதபோதும் அவ்வாறே தேடுவோமாக. பிழை குழந்தையிடம் இருக்கிறதா, நாம் நின்று கேட்கும் இடத்தில் இருக்கிறதா என்பது அப்போது விளங்கும்.